மூன்றாவது டேக்கும் பத்து ஷில்லிங்கும்: ஒரு சிங்கப் பாட்டின் கதை

'தி லயன் கிங்' படம் பார்த்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். மீர்கட் டிமோனும் காட்டுப்பன்றி பும்பாவும் காட்டுக்குள் நடந்தபடியே பாடும். பும்பா அடிக்குரலில் "விம்மவே, விம்மவே" என்று பிடித்துக்கொள்ள, டிமோன் மேலே ஏறிப் பாடும். சில நொடிகள்தான் வரும். ஆனாலும் 1994ல் அந்தப் படம் பார்த்த குழந்தைகள் இன்றும் அந்த மெட்டை முணுமுணுப்பார்கள். 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற அந்தப் பாட்டை அமெரிக்கப் பாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. யாரோ எப்போதோ பாடி வைத்த ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். அதைக் கட்டியவருக்கு ஒரு பெயர் உண்டு. பதிவு செய்த ஊரும் ஆண்டும் உண்டு. சாலமன் லிண்டா, ஜோகன்னஸ்பர்க், 1939.

ஹிட் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை என்றதும் கவிஞர் எந்த மனநிலையில் எழுதினார், எந்தக் காதல் முறிந்தது என்றுதான் தேடுவோம். இந்தப் பாட்டின் கதை இசைத்தட்டின் லேபிளிலும் உரிமைப் பத்திரத்திலும் இருக்கிறது. அங்கே யார் பெயர் அச்சானது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாட்டின் பணம் ஒரு பக்கமே ஓடியது.

லிண்டா 1909ல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மாகாணத்தில், பொமராய் என்ற ஊரை ஒட்டி, சூலூ இன மக்கள் வாழும் கிராமப்புறத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்தவர், சிறுவயதில் மாடு மேய்த்தவர். 1931ல் பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் வந்தார். தங்கச் சுரங்கங்களும் அவற்றைச் சுற்றிய தொழில்களும் கிராமத்து இளைஞர்களை ஆயிரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு மரச்சாமான் கடையில். மாலையானால் பாட்டு. 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்ற குழுவில் மாமன்களுடன் பாடினார். அது கலைந்ததும் அதே பெயரில் தன் ஊர்க்காரர்களை வைத்துத் தானே ஒரு குழுவைக் கட்டினார். மொத்தம் ஆறு பேர். கோடு போட்ட சூட்டும் தொப்பியும் பளபளக்கும் ஷூவுமாக மேடையேறுவார்கள். வார இறுதிகளில் தொழிலாளர் விடுதிகளில் விடிய விடியப் பாட்டுப் போட்டி நடக்கும். அங்கே இவர்களுக்கு நல்ல பெயர்.

அவர்களுடைய பாட்டு எப்படி அமைந்திருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் வரும் சண்டை எல்லாம் அதைச் சுற்றித்தான். ஆறு பேரில் மூன்று பேர் அடிக்குரல்காரர்கள். அந்தக் காலக் குழுக்களில் ஒவ்வொரு குரல் வரிசைக்கும் ஓர் ஆள் போதும் என்றிருந்தபோது லிண்டா அடியை இப்படிக் கனமாக்கினார். அந்த அடித்தளத்தின் மேல் அவர் மட்டும் கள்ளக்குரலில் உச்சிக்குப் போவார். பல்லவி, சரணம் என்று ஒழுங்காகப் பிரிந்து வரும் பாட்டில்லை இது. கீழே ஒரே சொற்றொடர் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே ஒருவர் அந்தந்த நேரத்துக்குத் தோன்றியதைப் பாடிக்கொண்டு போவார். நம்மூர்க் கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது.

காலோ என்ற இசைத்தட்டு நிறுவனம் ஜோகன்னஸ்பர்க்கில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது. அங்கே திறமையாளர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர் கிரிஃபித்ஸ் மோட்சியேலோவா, அவரும் ஒரு கறுப்பினக் கலைஞர். அவர்தான் 1939ல் இந்த ஆறு பேரையும் கூடத்துக்குள் கொண்டுவந்தார். பாட்டின் பெயர் 'ம்பூபே', அதாவது சிங்கம். மந்தையைத் தாக்க வந்த சிங்கத்தைப் பற்றிய மேய்ச்சல் கால நினைவு அதில் இருக்கிறது. "நீ சிங்கம்" என்று அடிக்குரல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். துணைக்கு பியானோ, கிட்டார், பாஞ்சோ வாசிக்க ஆட்களைப் பிடித்துப் போட்டார்கள். ஒத்திகை பார்க்க நேரமில்லை. முதல் டேக், அதாவது முதல் முறை பாடிப் பதிவு செய்தது, சரியில்லை, இரண்டாவதும் தேறவில்லை. மூன்றாவது டேக்கும் தடுமாறித்தான் தொடங்கியது. அப்புறம் குரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

அந்த டேக் முடியப்போகும் கடைசி நொடிகளில்தான் அது நடந்தது. அதுவரை உச்சியில் கூவியும் இழுத்தும் விளையாடிக்கொண்டிருந்த லிண்டா, திடீரென்று ஒரு மெட்டை இழையாக விட்டார். முன்பே எழுதி வைத்தது இல்லை, அந்தக் கணத்தில் வந்தது. ஆங்கிலப் பாட்டில் காடு, பெருங்காடு, இன்றிரவு சிங்கம் தூங்குகிறது என்று வருகிற வரி இருக்கிறதே, அதை ஏந்திப் போகும் மெட்டு அதுதான். அசையெண்ணிப் பார்த்தால் 15 சுரம். பழைய தட்டில் அது ஒரே ஒரு முறைதான் வரும், வந்த கையோடு பாட்டும் முடிந்துவிடும். இணையத்தில் 'ம்பூபே' 1939 என்று தேடினால் பதிவு கிடைக்கும். கடைசி வரை பொறுமையாகக் கேளுங்கள். அந்த இடம் வரும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

தட்டு தென்னாப்பிரிக்காவில் பெரிய ஹிட். 1940களின் முடிவுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். வானொலிப் பெட்டியும் கிராமஃபோனும் வசதியுள்ளவர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில் இது சாதாரண எண்ணிக்கை இல்லை. பின்னால் வந்த குழுக்கள் இந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டு வளர்த்தன. அந்தப் பாணிக்கே 'ம்பூபே' என்ற பெயர் நின்றது. பிற்காலத்தில் அதன் மென்மையான வடிவத்துக்கு இசிகத்தமியா என்று பெயர். உலகறிந்த 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழு அந்த வழியில் வந்ததுதான்.

லிண்டாவுக்குக் கிடைத்தது என்ன? காலோவின் கிடங்கில் தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை. பாட்டின் உரிமை 10 ஷில்லிங்குக்கு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. கறுப்பின மக்கள் எந்தப் பத்திரத்தையும் எதிர்த்துக் கேள்வி கேட்க வழியில்லாத நாடு அது. பாட்டு பயன்படும்போதெல்லாம் இயற்றியவருக்குப் பங்குப் பணம், அதாவது ராயல்டி, என்று ஒன்று உண்டு என்பதே அன்றைக்கு அங்கே பாடியவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லப்படவில்லை.

அப்புறம் பாட்டு கடல் தாண்டுகிறது. காலோ அனுப்பிய தட்டுகள் அமெரிக்காவில் டெக்கா நிறுவனத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமக்ஸ் அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகர் கேட்டு மயங்கிப் போனார். சூலூ மொழி தெரியாததால் "உயிம்பூபே" என்ற சொல் அவர் காதில் "விமோவே" என்று விழுந்தது. காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டார். அவருடைய 'வீவர்ஸ்' குழு 1951ல் ஆர்கெஸ்ட்ராவுடன் அதைப் பதிவு செய்தது. 1952 தொடக்கத்தில் அமெரிக்க ஹிட் பட்டியலில் ஏறியது. அதே நேரத்தில்தான் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தது. வீவர்ஸ் கறுப்புப் பட்டியலில் சிக்கி, அவர்களுடைய பாட்டுகள் வானொலியிலிருந்து மறைந்தன. பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் பணக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று ஒலிப்பதிவின் உரிமை, அதாவது இந்தக் குரல், இந்த வாத்தியம், இந்தத் தட்டு. மற்றொன்று இயற்றியதன் உரிமை, அதாவது மெட்டும் வரிகளும். நூறு பேர் நூறு விதமாகப் பாடினாலும் இரண்டாவது உரிமைக்கான பணம் இயற்றியவருக்கும், அவர் சார்பில் பாட்டை நிர்வகிக்கும் வெளியீட்டு நிறுவனத்துக்கும் போகும். தட்டு விற்றால், வானொலியில் ஒலித்தால், படத்தில் வந்தால், விளம்பரத்தில் வந்தால் என்று ஒவ்வொன்றுக்கும் காசு. பாடகர் பெயர் மறந்துபோன பிறகும் இந்த வருமானம் நிற்காது.

நாட்டுப்புறப் பாட்டுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல். இயற்றியவர் யார் என்று தெரியாது, எனவே உரிமையாளர் இல்லை. ஆனால் அதை "சீரமைத்தவர்" என்று ஒருவர் தன் பெயரைப் பதிவு செய்து ராயல்டி வாங்கலாம். வீவர்ஸின் தட்டில் 'பால் காம்ப்பெல்' என்ற பெயர் இருந்தது. அப்படி ஓர் ஆளே இல்லை. இப்படிப்பட்ட பாட்டுகளுக்காகக் குழுவும் வெளியீட்டாளர் ஹோவி ரிச்மண்டும் பயன்படுத்திய புனைபெயர் அது. பழைய பாட்டு என்று நம்பிய ஒன்றுக்கு இது அன்றைய வழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சீகர் கையில் இருந்தது சில ஆண்டுகளுக்கு முன் பதிவான வணிகத் தட்டு. அதில் சாலமன் லிண்டாவின் பெயரும் அவர் குழுவின் பெயரும் இருந்தன.

சீகரைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். லிண்டாவைப் பற்றித் தெரிந்ததும் தன் பங்கைத் தொட விரும்பாமல் 1,000 டாலருக்குக் காசோலை அனுப்பச் செய்தார். அதன் பிறகு ராயல்டி தானாகப் போய்க்கொண்டிருக்கும் என்று நம்பிவிட்டார். போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சரிபார்க்காமல் விட்டதற்கு வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். ஏழைகளுக்காகவும் கறுப்பின மக்களுக்காகவும் ஆயுள் முழுக்கப் பாடிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் நடுவில் இருந்தும் லிண்டாவின் பணம் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம். தனிமனித நல்லெண்ணம் ஒரு காசோலை அனுப்பும், ஆண்டுதோறும் கணக்கு அனுப்புவது பத்திரம்தான்.

1961. நியூயார்க், புரூக்ளின் இளைஞர்களின் 'டோக்கன்ஸ்' குழு ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு வந்தது. தயாரிப்பாளர்கள் ஹியூகோ பெரெட்டியும் லூய்ஜி கிரியேட்டோரேயும் ஜார்ஜ் வைஸ் என்ற பாடலாசிரியரை அழைத்து விமோவேயைப் புதிதாக்கச் சொன்னார்கள். வைஸ் தேர்ந்த கைக்காரர். லிண்டா கடைசி நொடியில் ஒரே முறை விட்ட அந்த மெட்டைத் தூக்கிப் பாட்டின் நடுவில் வைத்தார், அதற்கு ஆங்கில வரிகள் போட்டார். ஜே சீகல் முன்னணியில் பாட, அனிதா டேரியன் என்ற ஆப்பரா பாடகி சொல்லே இல்லாமல் மேலே மிதந்தார். இவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்த வடிவம்தான்.

பெரெட்டி, கிரியேட்டோரே, வைஸ் ஆகிய இதே மூவர்தான் அதே ஆண்டில் எல்விஸ் பிரெஸ்லிக்கு 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்' எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் பழைய மெட்டின் மேல் கட்டியதுதான், 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் காதல் பாட்டு ஒன்று. ஒரு வேறுபாடு, அந்த மெட்டைப் போட்டவர் 1816லேயே இறந்துபோனவர், யாருக்கும் கடன் இல்லை. சிங்கப் பாட்டின் மெட்டைப் போட்டவரோ அந்த நேரத்தில் சொவெட்டோவில் உயிரோடு இருந்தார்.

டோக்கன்ஸ் பையன்களுக்கே அந்தப் பதிவு கூச்சமாக இருந்தது. 'டினா' என்ற பாட்டின் மறுபக்கமாகத்தான் அது வெளியானது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, டிசம்பர் 18, 1961 முதல் மூன்று வாரம் அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் முதலிடம். வெளியீட்டாளர் ரிச்மண்ட் தன் 'விமோவே'யிலிருந்து எடுத்ததாகக் கேள்வி எழுப்ப, கடைசியில் சமரசம் ஆயிற்று. இயற்றியவர்கள் வைஸ், பெரெட்டி, கிரியேட்டோரே. கூடவே 'ஆல்பர்ட் ஸ்டான்டன்'. அதுவும் புனைபெயர், ரிச்மண்டின் கூட்டாளிக்காக. இல்லாத மனிதர்களுக்கெல்லாம் அந்த லேபிளில் இடம் இருந்தது, லிண்டாவுக்கு மட்டும் இல்லை.

லிண்டா 1959ல் மேடையிலேயே மயங்கி விழுந்திருந்தார். சிறுநீரகம் செயலிழந்து 1962 அக்டோபர் 8 அன்று இறந்தார். டோக்கன்ஸின் பாட்டு முதலிடம் பிடித்து ஓராண்டுகூட ஆகவில்லை. வங்கிக் கணக்கில் 25 டாலருக்கும் குறைவான பணம். கல்லறைக்குக் கல் வைக்க அவர் மனைவிக்கு 18 ஆண்டுகள் ஆயின.

பாட்டு தன் வழியே போனது. 1972ல் ராபர்ட் ஜான் பாடி அமெரிக்காவில் ஹிட், 1982ல் 'டைட் ஃபிட்' பாடி பிரிட்டனில் முதலிடம், 1994ல் டிஸ்னி படம், 1997ல் அதன் மேடை வடிவம். 2000ல் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் இந்தக் கதையை நீளமாக எழுதினார். இந்தப் பாட்டு இயற்றியவர் ராயல்டியாக ஏறக்குறைய 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒரு கட்டுரை எதையும் மாற்றாது என்று சொல்பவர்களிடம் இதைத்தான் நான் காட்டுவேன்.

கட்டுரை பரபரப்பாகிவிட்டது, சரி, சட்டப்படி என்ன செய்வது? லிண்டா எழுதிக் கொடுத்தது உண்மை. 1983ல் அவர் மனைவியும் 1992ல் மகள்களும் மேலும் பத்திரங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். எல்லாக் கதவும் மூடியதுபோலத் தெரிந்தது. பிரிட்டோரியாவின் காப்புரிமை வழக்கறிஞர் ஓவன் டீன் ஒரு பழைய சட்டத்தைக் கையில் எடுத்தார். 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுக் காப்புரிமைச் சட்டம். அதில் ஒரு பிரிவு: படைப்பாளி உயிரோடு இருக்கும்போது உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் அது அவருடைய சொத்துக்குத் திரும்பிவிடும். வறுமையில் அற்ப விலைக்கு விற்றுவிட்ட எழுத்தாளர்களின் குடும்பத்தை நினைத்துப் போட்ட பிரிவு என்பதால் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பெயரால் அதை அழைப்பார்கள்.

லிண்டா இறந்தது 1962. கூட்டினால் 1987. அந்த ஆண்டு முதல் பிரிட்டிஷ் பேரரசாக இருந்த நாடுகளில் உரிமை குடும்பத்தின் பக்கம் வந்துவிட்டது, யாருக்கும் தெரியாமலே. மனைவியும் மகள்களும் போட்ட கையெழுத்துகள்? திரும்பி வரும் உரிமை நேரடியாக அவர்கள் கைக்கு வருவதில்லை, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பாளரிடம்தான் வரும். அந்தப் பொறுப்பாளர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே அந்தப் பத்திரங்கள் இதைத் தொடாது என்பது டீனின் வாதம். அந்தக் காகிதங்களில் எதையும் கிழிக்காமல், சட்டப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைத் திறந்தார் மனிதர்.

அதே பேரரசுச் சட்டம்தான் அன்றைய இந்தியாவிலும் இலங்கையிலும் செல்லுபடியானது. சுதந்திர இந்தியா 1957ல் தனிச் சட்டம் போட்டது. நம் சினிமாப் பாட்டுகளின் நிலை அதன் பிறகும் படைப்பாளிக்குச் சாதகமாக இல்லை. கூலிக்கு எழுதிய பாட்டு தயாரிப்பாளருடையது என்ற பொருளில் 1977ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ல் வந்த திருத்தம்தான், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு, அதை அவர்களே நினைத்தாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றது. மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் பேசினார். "நினைத்தாலும் முடியாது" என்பதுதான் இதில் உயிர்நாடி. பேரம் பேச வலுவில்லாதவரிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு எளிது என்று தெரிந்தவர்கள் எழுதிய வாசகம்.

லிண்டா வழக்குக்கு வருவோம். 2004ல் லிண்டா குடும்பத்தின் சார்பில் டிஸ்னி மீது தென்னாப்பிரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். டிஸ்னி அமெரிக்க நிறுவனம். தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துக்கு அதன் மேல் அதிகாரம் வர வேண்டுமென்றால் நாட்டுக்குள் இருக்கும் அதன் சொத்து ஒன்றை முடக்க வேண்டும். டீன் முடக்கியது டிஸ்னியின் வணிகச் சின்னங்களை. தென்னாப்பிரிக்காவில் பதிவான 240க்கும் மேற்பட்ட சின்னங்கள், மிக்கி மவுஸ், டொனால்டு டக் உட்பட. விலக்கச் சொல்லி டிஸ்னி முறையிட்டது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. வழக்குச் செலவுக்குத் தென்னாப்பிரிக்க அரசு உதவியது. காலோ நிறுவனமும் உதவியது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

2006 பிப்ரவரியில், விசாரணை தொடங்கும் தறுவாயில், வைஸின் பாட்டை நிர்வகித்த அபிலீன் மியூசிக் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' 'ம்பூபே'யிலிருந்து பிறந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. சாலமன் லிண்டா இணை இசையமைப்பாளர் என்று குறிக்கப்படுவார். கடந்த காலப் பயன்பாட்டுக்கு ஒரு தொகை, இனி உலகெங்கும் வரும் வருமானத்தில் பங்கு, பணத்தை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை. தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை.

இந்த வெற்றியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். டீன் பிடித்த சட்டப் பிடி 1987க்குப் பிறகான காலத்துக்குத்தான். டோக்கன்ஸின் முதலிடம், 1972, 1982 ஹிட்டுகள் எல்லாம் அதற்கு முந்தியவை. லிண்டாவின் மனைவி கல்லறைக் கல்லுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவற்றுக்குள்தான் வருகின்றன. அந்தக் காலத்து வருமானத்தை மீட்டுத் தர டீன் எடுத்த சட்டத்தில் வழி இருக்கவில்லை. மனைவி 1990ல் இறந்துவிட்டார். உடன்பாட்டின் பலன் கைக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள இருந்தவர்கள் மகள்கள் மூவர்தான்.